தொடையில் ஒட்டிய குழாய்: புராஸ்டேட் அறுவையில் இரத்தம் நின்ற கதை

தில்லியில் ஆய்வு மேற்கொண்டிருந்த நாள்களில் என் தந்தையாருக்குப் புராஸ்டேட் அறுவை நிகழ்ந்தது. அன்றிரவு கட்டிலருகே நான் அமர்ந்திருந்தேன். கம்பியில் மூன்று லிட்டர் சலைன் பை தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் உடலுக்குள் சென்றது. மற்றொன்று வெளியே வந்து கட்டிலின் கீழிருந்த பையில் வடிந்தது. வெளிவந்த குழாயைச் சற்றே இழுத்து, வலத் தொடையில் பிளாஸ்திரியிட்டு ஒட்டியிருந்தார்கள். மணிக்கொருமுறை வந்த மலையாளச் செவிலியர் தம் குறிப்புகளை எழுதிக்கொண்டு, என்னிடம் ஒன்றை மட்டும் சொல்லிச் செல்வார்: "சேட்டா, கலர் நோக்கிக்கோ." வெளிர் ரோஜா நிறமெனில் அச்சமில்லை. தக்காளிச் சாறு போலானால் அழைக்க வேண்டும். ஓட்டமே நின்றுபோனால் ஓடிவந்து அழைக்க வேண்டும்.

குழாய் அசையாதிருக்கவே அதைத் தொடையில் ஒட்டியிருக்கிறார்கள் என்றுதான் அன்று எண்ணினேன். அது பிழை. அந்த இழுப்பே மருத்துவம். குழாயின் நுனியில் நீர் நிரம்பிய ஒரு சிறு பலூன் உள்ளது. குழாயை இழுத்துப் பிடிக்கும்போது அப்பலூன் சிறுநீர்ப்பையின் கழுத்தை அழுத்தி, இரத்தம் கசியும் இடத்தை அடைக்கிறது. இன்று நாட்டின் எந்த மருத்துவமனைக்குள் நுழைந்தாலும், பக்கவாதம் வந்தவர் முதல் பிள்ளை பெற்றவர் வரை யாருக்கோ ஒருவருக்குப் பொருத்தப்பட்டிருக்கும் 'ஃபோலி கதீட்டர்' அது. சிறுநீரை வடிக்கும் கருவியாகவே உலகம் அதை அறியும். ஆனால் அது பிறந்தது புராஸ்டேட் அறுவைக்குப் பின் வழியும் இரத்தத்தை நிறுத்துவதற்காக. அந்தப் பிறப்பைத் தேடிச் சென்றபோது, இவ்வறுவையின் வரலாற்றையே நாம் மாற்றிப் படித்துவந்திருக்கிறோமோ என்ற ஐயம் எழுந்தது. சுரப்பியை முதலில் அகற்றியவர் யார் என்பதே நூல்களில் பெரிய வினா. அகற்றியபின் எஞ்சும் குழியை என்செய்வது என்பதுதான் நோயாளியின் உயிரைத் தீர்மானித்த வினா.

முதலில் இடத்தைப் புரிந்துகொள்வோம். புராஸ்டேட் சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் வழியைச் சூழ்ந்து அமைந்த சுரப்பி. முதுமையில் அதன் உட்பகுதி புற்றுநோயின்றியே பெருத்து வழியை நெருக்கும். அறுவையில் அகற்றப்படுவது பெருத்த உட்பகுதி மட்டுமே. வெளியோடு உள்ளேயே நின்றுவிடும். நுங்குக்காயில் கட்டைவிரலை விட்டுச் சுளையைத் தோண்டி எடுப்பது போன்ற வேலை. நுங்கெடுத்த குழியில் நீர் ஊறுவதுபோல் இங்கே இரத்தம் ஊறும்.

கையில் வெட்டுப்பட்டால் அழுத்திப் பிடிக்கிறோம். இடுப்பெலும்பின் ஆழத்தில் கிடக்கும் இக்குழியைப் பிடிக்க ஒரு விரலும் எட்டாது. இரத்தம் தானே உறையட்டும் என்று விட்டுவிடவும் இயலாது. உறைந்த கட்டி சிறுநீர்ப்பையை அடைத்துக்கொண்டால் சிறுநீர் வெளியேறாது, பை உப்பும், உப்பிய பை குழியைச் சுருங்கவிடாது, சுருங்காத குழி மேலும் கசியும். போதாததற்கு, உறைந்த இரத்தத்தைக் கரைக்கும் ஒரு பொருள் சிறுநீரிலேயே கலந்திருக்கிறது. பிற உறுப்புகளில் உயிர்காக்கும் உறைவு, இங்கே ஓரிடத்தில் கரைந்து கேடு செய்யும். மற்றோரிடத்தில் கரையாமல் நின்று கேடு செய்யும்.

இவ்வறுவைக்கு உலகப் பெயர் தேடித் தந்தவரின் கை பழகியது இந்தியாவில். பீட்டர் ஃப்ரேயர், அயர்லாந்தின் கால்வே பகுதியில் பிறந்தவர். 1875-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து, வடமேற்கு மாகாணங்களின் ஊர்களில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தார். சிறுநீர்ப்பைக் கல் மிகுந்திருந்த நிலம் அது. வயிற்றைக் கீறாமல், சிறுநீர் வழியே கருவியைச் செலுத்திக் கல்லை உடைத்து, அத்துகள்களை நீரால் கழுவி உறிஞ்சியெடுக்கும் முறையைப் பாஸ்டனின் ஹென்றி பிகலோ 1878-இல் வெளியிட்டிருந்தார். அதை நூற்றுக்கணக்கான நோயாளிகளிடம் கையாண்டு ஃப்ரேயர் நூலும் எழுதினார். ராம்பூர் நவாப் அவருக்கு அளித்த ஒரு லட்ச ரூபாய் ஊதியம் அரசு வட்டாரத்தில் பெரும் சலசலப்பை எழுப்பியது. (அக்கால மருத்துவர்களின் ஊதிய வரலாறு தனியே எழுதத் தக்கது, இங்கு வேண்டாம்.)

ஓய்வுபெற்று லண்டன் திரும்பிய ஃப்ரேயர், தூய பேதுரு மருத்துவமனையில் 1900 டிசம்பரில் தம் முதல் புராஸ்டேட் அறுவையைச் செய்தார். அடிவயிற்றைக் கீறிச் சிறுநீர்ப்பையைத் திறந்து, ஆட்காட்டி விரலை உள்ளே விடுவார். மற்றக் கையின் விரல்கள் மலக்குடல் வழியே சுரப்பியை மேல்நோக்கித் தள்ளும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, விரலே கண். சில நிமிடங்களில் சுரப்பி கைக்கு வந்துவிடும். நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர் இதையே 1890-களின் நடுவில் செய்திருந்தார். அச்செய்தியை ராமோன் கிதெராஸ் என்னும் அமெரிக்க மருத்துவர் வாயிலாகக் கேட்டறிந்தே ஃப்ரேயர் இறங்கினார் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது. முதன்மைக்கான அச்சண்டை பல்லாண்டு நீடித்தது. என் மதிப்பீட்டில் அது வீண் சண்டை.

கவனிக்க வேண்டியது, சுரப்பி வெளிவந்த பிறகு ஃப்ரேயர் என்ன செய்தார் என்பது. இரத்தக்குழாய்களை அவர் கட்டவில்லை; கட்டுவதற்கு அவை கண்ணில் படவுமில்லை. வெந்நீரால் கழுவினார். கைவிரல் பருமனுக்கும் மிகுந்த ரப்பர் குழாய் ஒன்றை வயிற்றுப் புண்ணின் வழியே சிறுநீர்ப்பைக்குள் நிறுத்தினார். கட்டிகள் எவ்வளவு பெரிதாயினும் அதன் வழியே வெளியேறிவிடும். பை காலியானால் குழி தன் தசையாலேயே சுருங்கி இரத்தத்தை நிறுத்திக்கொள்ளும் என்பது அவர் கணக்கு. உடலின் இயல்பில் அவர் வைத்த இந்த நம்பிக்கை மூடத்தனம் அன்று. 1912-இல் ஆயிரம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, இறந்தோர் நூற்றுக்கு 5 அல்லது 6 பேரே. பெரும்பாலோர் முதியவர்கள், சிறுநீரகம் நலிந்தவர்கள் என்பதை எண்ணினால் அன்று அது வியக்கத்தக்க விளைவு. ஆனால் அதே கை, அதே வேகம், அதே பரிவாரம் எல்லா ஊரிலும் இல்லை. வாரக்கணக்கில் வயிற்றுப் புண்ணின் வழியே சிறுநீர் ஒழுக, நனைந்த படுக்கையில் கிடந்த முதியவர்களின் துன்பமும் அந்த விழுக்காட்டுக்குள் அடங்காது.

ஃப்ரேயருக்குப் பின் வந்தோர் இரு வழியே பிரிந்தனர். அழுத்துவோம் என்றனர் சிலர். பார்ப்போம் என்றனர் மற்றோர். அழுத்தியவர்கள் முதலில் நாடியது துணிச்சுருள். குழிக்குள் அதை இறுகத் திணித்தால் இரத்தம் நிற்கும். நாள் கழித்து உருவும்போது ஒட்டிய சதையையும் பிய்த்துக்கொண்டு மீண்டும் பீறிடும். 1914-ஐ ஒட்டி, புரூக்ளினின் பில்ச்சரும் வாஷிங்டனின் ஹாக்னரும் துணிக்கு மாற்றாக ரப்பர் பையைக் கொணர்ந்தனர். திறந்த சிறுநீர்ப்பையின் வழியே குழியில் வைத்து, உப்பச்செய்து, அதன் வாலைச் சிறுநீர் வழியே வெளியே இழுத்துப் பிடிப்பது அம்முறை. என் தந்தையாரின் தொடையில் நான் கண்ட இழுப்பின் மூதாதை அது. பார்க்க விரும்பியவர்களில் லண்டனின் தாம்சன் வாக்கர், பையை அகலத் திறந்து, விளக்கொளியில் கசியும் குழாய்களைக் கண்டு பிடித்துக் கட்டினார். சிட்னியின் ஹாரி ஹாரிஸ் 1920-களில் குழியின் வாயைச் சுற்றித் தையலிட்டு இரத்தத்தை நிறுத்தி, சிறுநீர்ப்பையை அப்போதே மூடித் தைத்தார். வயிற்றில் குழாயில்லாமல் நோயாளி எழுந்து நடந்தது அன்று பலருக்கு நம்பமுடியாத செய்தி.

வயிற்றையே கீறாமல் சிறுநீர் வழியே சென்று சுரப்பியைச் செதுக்கலாகாதா? பால்டிமோரின் ஹியூ யங் 1909-இல் அதற்கு ஒரு குழல் வடிவத் துளைவெட்டியை உருவாக்கினார். வைரங்களை அள்ளி அணிந்ததால் 'டைமண்ட் ஜிம்' எனப்பட்ட ஜேம்ஸ் பிராடி என்னும் அமெரிக்கச் செல்வர், வேறு மருத்துவர்கள் கைவிரித்தபின் 1912-இல் யங்கிடம் இவ்வறுவையைச் செய்துகொண்டார். அவரது நன்றிக்கொடையில் எழுந்த பிராடி சிறுநீரியல் நிலையம் 1915-இல் திறக்கப்பட்டது. வெட்டி கூர்மையானது, ஆனால் வெட்டுண்ட இடத்தில் இரத்தத்தை நிறுத்த அதனிடம் வழியில்லை. 1926-இல் மாக்ஸிமிலியன் ஸ்டெர்ன் மின்கம்பி வளையத்தால் வெட்டும் கருவியைச் செய்தார். மருத்துவத்துக்கு வருமுன் பொறியியல் பழகியிருந்த தெற்குக் கரோலினாவின் தியோடர் டேவிஸ், வெட்டுவதற்கு ஒரு மின்னோட்டம், கருக்கி இரத்தத்தை நிறுத்த மற்றொன்று எனப் பிரித்து, இரண்டையும் காலால் மிதித்து மாற்றும் அமைப்பை 1931-இல் விளக்கினார். அந்த மிதியடி வந்த பிறகே இவ்வறுவை பிறரும் துணிந்து செய்யத்தக்கதாயிற்று.

இனி 1937. தொடர்பற்ற கைகள் ஒரே சிக்கலின் நான்கு முனைகளை ஒரே ஆண்டில் பற்றியதைக் காணும்போது, ஆய்வாளன் என்ற முறையில் எனக்கு இன்றும் மெய்சிலிர்க்கிறது.

முதல்வர் மின்னசோட்டாவின் ஃபிரடெரிக் ஃபோலி. குழி திறந்திருந்தால் பையை மேலிருந்து வைக்கலாம். மின்கருவி அறுவையில் திறப்பே இல்லையே, பையை எவ்வழியே செலுத்துவது? சுருங்கிய நிலையில் சிறுநீர் வழியே உள்ளே சென்று, அங்கே உப்பி, பின் சுருங்கி வெளியே வரும் பலூன் வேண்டும். 1929-லேயே, சாதாரணக் குழாயின் மீது ரப்பர் பலூனைப் பட்டுநூலால் கட்டி, நீர்புகாப் பசையால் ஒட்டிப் பார்த்திருந்தார். மென்மையாகச் செல்லவும் கழன்று போகாதிருக்கவும் குழாயும் பலூனும் ஒரே வார்ப்பாக வேண்டும். லேடெக்ஸ் பாலில் தோய்த்து ரப்பர் பொருள்களைச் செய்யும் தொழில்நுட்பம் 1930-களில் அதைக் கைகூட்டியது. 1937-இல் அமெரிக்கச் சிறுநீரியல் இதழில் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பு, கருவியை இரத்தம் நிறுத்தும் பை என்றே அழைக்கிறது. சிறுநீர் வடிதல் அதற்குப் பின்னரே வருகிறது. குழாயை வைப்பவர், வடிப்பதற்கென்றே அதை வைக்கும் காலம் பின்னர் வந்தது.

ஃபோலிக்குக் காப்புரிமை கிட்டவில்லை. டேவல் ரப்பர் நிறுவனத்தின் பால் ரெயிஷ் என்பவர் சில மாதங்கள் முந்தி விண்ணப்பித்திருந்தார். மேல்முறையீட்டில் ஒருமுறை ஃபோலி வென்றும், இறுதித் தீர்ப்பு ரெயிஷ் பக்கமே நின்றது. உரிமை ஒருவருக்கு, பெயர் மற்றவர்க்கு என்றாயிற்று. இருவருக்கும் நெடுங்காலம் முன்பே, 1853-இல், லியோனின் ரெய்பார் பலூன் வைத்த குழாய் ஒன்றைச் செய்திருக்கிறார் என்பதையும் இங்கே சொல்லிவைக்கலாம்.

அதே ஆண்டு, அதே இதழில், அயோவாப் பல்கலைக்கழகத்தின் ரூபின் ஃப்ளாக்ஸ் புராஸ்டேட்டின் தமனிகளை வரைபடமாக்கினார். இரத்தம் எங்கிருந்தோ ஊறுவதில்லை. சிறுநீர்ப்பைக் கழுத்தைக் கடிகார முகமாகக் கொண்டால், 5 மணி, 7 மணி முனைகளில் முதன்மைத் தமனிகள் நுழைகின்றன என்று காட்டினார். குழி முழுவதையும் அடைக்கத் தேடியவர்களுக்கு, எங்கே தேட வேண்டும் என்ற முகவரி கிடைத்தது. அவ்வாண்டே அயோவாவின் மைலோ எல்லிக், கண்ணாடிக் குடுவையும் ரப்பர்ப் பந்தும் கொண்ட கழுவி ஒன்றை அறிமுகப்படுத்தினார். பந்தை அழுத்தினால் நீர் உள்ளே பாயும். விட்டால் செதுக்கிய துண்டுகளும் இரத்தக்கட்டிகளும் குடுவைக்கு வந்து அடியில் தங்கும். கல்துகளை உறிஞ்சிய பழைய கருவிகளின் திருத்தமே இது. வடமேற்கு மாகாணங்களில் ஃப்ரேயர் கையாண்ட கருவியின் கொடிவழி, அவருடைய அறுவையின் பின்விளைவைத் தீர்க்க இவ்வாறு திரும்பி வந்தது. நம் அறுவைக்கூடங்களில் 'எல்லிக்' என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

நான்காவது முனையைப் பற்றியவர் புராஸ்டேட்டை எண்ணிக்கூடப் பார்த்திருக்க மாட்டார். இங்கிலாந்தின் மக்ஃபார்லேன், அறுவைக்குட்பட்டவர்களின் உறைந்த இரத்தம் மீண்டும் கரைவதைக் கண்டு 1937-இல் எழுதினார். அதன் பயன் தெரிவதற்குள் ஒரு போர் நடந்து முடிந்துவிட்டது.

போர் முடிந்த ஆண்டின் டிசம்பரில், ஃப்ரேயரின் முதல் அறுவைக்குச் சரியாக 45 ஆண்டுகள் கழித்து, லண்டனில் பணியாற்றிய மற்றோர் அயர்லாந்துக்காரரான டெரன்ஸ் மில்லின், 20 நோயாளிகளின் கணக்கை லான்செட் இதழில் வெளியிட்டார். சிறுநீர்ப்பையைத் திறக்காமல், பூப்பெலும்புக்குப் பின்னால் சென்று சுரப்பியின் ஓட்டையே நேராகக் கீறினார். ஃப்ரேயர் விரலால் மட்டுமே அறிந்த குழி இவருக்குக் கண்முன் திறந்து கிடந்தது. கசியும் தமனிகளைக் கண்டு கட்டலாம், கருக்கலாம், ஓட்டை அங்கேயே தைத்து மூடலாம். சிறிய சுரப்பிக்குச் சிறுநீர்வழி, மிகப் பெரியதற்கு மில்லின் வழி என்று பல பத்தாண்டுகள் நடைமுறை நிலைத்தது.

சிறுநீர்வழி அறுவையில் இதற்கிடையே புதிரான மரணங்கள் நிகழ்ந்தன. இரத்தம் மிகுதியாக வெளியேறவில்லை. ஆயினும் நோயாளி மயங்கினார், சிறுநீரகம் நின்றது. வெட்டுண்ட சிரைகள் இருவழிப் பாதைகள் என்பதை மறந்ததன் விளைவு அது. பார்வை தெளிய உள்ளே பாய்ச்சிய வெறும் காய்ச்சி வடித்த நீரை அச்சிரைகள் குடித்துக்கொண்டிருந்தன. நீர் இரத்தத்தில் கலந்து சிவப்பணுக்களை வெடிக்கச் செய்தது. மின்னியாபோலிஸின் கிரீவி 1947-இல் இதைத் தெளிவுபடுத்தினார்; அணுக்களைச் சிதைக்காத கிளைசின் கரைசலை நெஸ்பிட் முதலியோர் அடுத்த ஆண்டே முன்வைத்தனர். ஆயினும் கிளைசினும் மிகுதியாகப் புகுந்தால் இரத்தத்தின் சோடியம் குறையும். மின்சாரம் கடத்தும் சலைனிலேயே வெட்டவல்ல கருவிகள் வந்த பின்னர்தான் அந்த அச்சம் பெரிதும் நீங்கியது.

அதே 1947-இல் மக்ஃபார்லேனும் பில்லிங்கும் இயல்பான சிறுநீரிலேயே உறைவைக் கரைக்கும் ஆற்றல் இருப்பதைக் காட்டினர். அப்பொருளுக்குப் பின்னர் யூரோகைனேஸ் என்று பெயரிட்டனர். புராஸ்டேட் குழி ஏன் நாள்கணக்கில் கசிகிறது என்பதற்கு வேதியியல் விடை அங்கே கிடைத்தது. அக்கரைப்பைத் தடுக்கும் மருந்து வந்தது ஜப்பானிலிருந்து. ஷோசுகே ஒகமோட்டோ, உதாகோ ஒகமோட்டோ தம்பதியர், பிள்ளைப்பேற்றில் இரத்தம் வழிந்து இறக்கும் தாய்மாரைக் காக்க வேண்டும் என்று தேடி, 1950-களில் அமினோகப்ரோயிக் அமிலத்தின் திறனையும், 1962-இல் அதனினும் பன்மடங்கு வலிய டிரானெக்சாமிக் அமிலத்தையும் கண்டறிந்தனர். 1960-களிலேயே பிரிட்டனிலும் சுவீடனிலும் புராஸ்டேட் அறுவை நோயாளிகளிடம் இவற்றைச் சோதித்தார்கள், கசிவு குறைந்தது. கரையாத கட்டிகள் சிறுநீர்ப்பாதையில் சிக்கும் அச்சமும் உடன்வந்ததால், எல்லோருக்கும் கொடுக்கும் வழக்கம் உடனே ஏற்படவில்லை. தாய்மாருக்கென்று தேடிய மருந்து முதலில் முதியவர்களின் படுக்கைக்குச் சென்றதையும், பிள்ளைப்பேற்று வார்டுகளில் முறையாக ஏற்கப்பட அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனதையும் படித்தபோது எனக்குச் சினம்தான் மேலிட்டது.

இதுவரை சொன்னது வயதால் பெருத்த சுரப்பியின் கதை. புற்றுநோய்க்குச் சுரப்பியை ஓட்டோடு முழுமையாக அகற்றும்போது குருதி வருவது வேறிடத்திலிருந்து. பதினெட்டாம் நூற்றாண்டு வெனிஸின் உடற்கூற்றறிஞர் சாந்தோரினியின் பெயரால் வழங்கும் சிரைப்பின்னல் சுரப்பியின் முகப்பில் படர்ந்திருக்கிறது. அதை அறுத்தவுடன் குழி முழுதும் குருதிக் குளமாகும். மருத்துவர் விரைந்து, பாராமல் வெட்டுவார். பிராடி நிலையத்தின் பாட்ரிக் வால்ஷ் 1979-இல் அச்சிரையை முன்கூட்டியே கட்டித் துண்டிக்கும் ஒழுங்கை விளக்கினார். குளம் வற்றியதும் சுரப்பியை ஒட்டி ஓடும் நுண்நரம்புகள் கண்ணுக்குத் தெரியத் தொடங்கின. அவற்றைக் காக்கும் அறுவையை 1982-இல் அவர் செய்தார். அதுவரை இவ்வறுவைக்குப் பின் ஏறக்குறைய எல்லா ஆண்களும் இழந்த ஆண்மைத்திறனைப் பலருக்கு மீட்டது அது. நரம்பைக் காத்த புகழே பேசப்படுகிறது. நரம்பைக் காணச் செய்தது சிரையில் இட்ட முடிச்சு.

இன்றைய லேசர், வெட்டும்போதே இரத்தக்குழாயை அடைத்துவிடுகிறது. இதயத்துக்கென இரத்தம் உறையாமைக்கு மருந்துண்ணும் முதியவர்கள் பெருகிவிட்ட நாளில் இது பெரும் ஆறுதல். நியூசிலாந்தின் பீட்டர் கில்லிங் 1990-களில் வளர்த்தெடுத்த ஹோல்மியம் லேசர் முறையில், ஓட்டுக்கும் சுளைக்கும் இடைப்பட்ட அதே தளத்திலேயே கருவி செல்கிறது. ஃப்ரேயரின் விரல் சென்ற தளம் அது. இம்முறை விளக்கும் கண்ணும் உடன்செல்கின்றன. ஆயினும் அறுவை முடிந்ததும் இறுதியாகப் பொருத்தப்படுவது ஃபோலியின் குழாயே.

தந்தையாருக்கு அன்று நள்ளிரவு கடந்து ஓட்டம் ஒருமுறை நின்றது. செவிலியர் வந்து, பெரிய சிரிஞ்சில் சலைனை எடுத்துக் குழாய் வழியே செலுத்தி மெல்ல உறிஞ்சினார். ஈரல் துண்டு போன்ற கட்டி ஒன்று வெளிவந்தது. நீர் மீண்டும் ஓடத் தொடங்கியது. முதலில் சிவப்பாக, பின் இளஞ்சிவப்பாக. தொடையிலிருந்த பிளாஸ்திரியை உரித்து, குழாயை விரலளவு மேலும் இழுத்து, புதிதாக ஒட்டினார். மூன்றாம் நாள் காலை பலூனிலிருந்த நீரை ஒரு சிரிஞ்சால் உறிஞ்சிவிட்டுக் குழாயை உருவியபோது, அவர் அப்பாவிடம் கேட்டது இரண்டே சொற்கள்: "வேதனை உண்டோ?" இல்லை என்று தலையசைத்த அப்பா, சற்று நேரத்தில் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு, தாமே கழிவறைக்கு நடந்துசென்றார்.